தொலைவிலுள்ள கோளின் சுற்றுப்பாதையில் விண்கலத்தைச் சேர்ப்பது எப்படி? யானைமலை அடிவாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை ஒத்தக்கடையில், யானைமலையை ஒட்டிய மைதானம் ஒன்றில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை வான்நோக்கல் நடத்துகிறோம். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகள் பெரும்பாலும் என்னிடமே வந்து சேர்கின்றன. தொலைநோக்கியில் செவ்வாயைப் பார்த்தவர்கள், அந்தச் சிறு செம்புள்ளியைத் தேடிப் பிடித்து ஒரு கலத்தை அதைச் சுற்றவும் வைத்தது எப்படி என்று கேட்காமல் போவதில்லை. திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். நம் நாட்டின் மங்கள்யானையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன்.

செவ்வாய் கண்ணுக்குத் தெரிகிறதே, அதை நோக்கி நேராகக் கலத்தை ஏவினால் என்ன?

கலம் போய்ச் சேரும்போது செவ்வாய் அங்கே இருக்காது. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவைக்குப் போகிறவர் யாரும், அழகர் கோயிலை விட்டுப் புறப்பட்ட செய்தி கேட்டதும் அழகர்கோயிலுக்கு ஓடுவதில்லை. அவர் மூன்றுமாவடிக்கு எந்த நேரத்தில் வருவார் என்று கணக்கிட்டு, திருமங்கலத்திலிருந்தோ சோழவந்தானிலிருந்தோ அந்த நேரத்துக்கு அங்கே இருக்கும்படி வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். கோள்பயணமும் அப்படியே, ஒரு சந்திப்பிடத்தையும் சந்திப்பு நேரத்தையும் முதலில் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்பாட்டு நாளைத் தீர்மானிக்கும் வேலையாகும்.

குறைந்த எரிபொருளில் ஒரு கோளிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் பாதை, சூரியனைச் சுற்றிய ஒரு நீள்வட்டத்தின் பாதி என்று ஜெர்மானியப் பொறியாளர் வால்டர் ஹோமன் 1925-இல் காட்டினார். அந்தப் பாதையில் செல்ல, புறப்படும் நாளில் செவ்வாய் நம்மைவிட ஏறத்தாழ 44 பாகை முன்னே இருக்க வேண்டும். அந்த அமைப்பு சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கும். 2013 நவம்பர் 5 அன்று மங்கள்யான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டதற்கும், அந்த வாய்ப்பை விட்டால் 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்ததற்கும் காரணம் இதுவே.

வழி நெடுக எந்திரம் எரிந்துகொண்டே இருக்குமா?

இருக்காது. மங்கள்யான் முதலில் பூமியையே சில வாரங்கள் சுற்றிவந்தது. ஒவ்வொரு முறையும் பூமிக்கு மிக அருகே வரும்போது எந்திரத்தை இயக்கிப் பாதையின் மறுமுனையை மேலும் மேலும் தொலைவுக்குத் தள்ளினார்கள். இதில் நவம்பர் 11 அன்று ஒரு தடங்கல் ஏற்பட்டது. எரிபொருள் வால்வின் முதன்மைச் சுருளையும் மாற்றுச் சுருளையும் ஒரே நேரத்தில் இயக்கிப் பார்த்தபோது எரிபொருள் ஓட்டம் நின்றுபோய், வினாடிக்கு 130 மீட்டர் கூடியிருக்க வேண்டிய வேகம் 35 மீட்டர் மட்டுமே கூடியது. மறுநாளே கூடுதலாக ஓர் எரிப்பு நடத்திக் குறையை ஈடுசெய்தார்கள். டிசம்பர் 1 அதிகாலையில் சுமார் 22 நிமிடங்கள் எந்திரம் எரிந்து, கலம் பூமியின் பிடியிலிருந்து விடுபட்டது. அதன்பின் ஏறக்குறைய 300 நாட்கள், எறியப்பட்ட கல்லைப் போல, சூரியனின் ஈர்ப்பில் தானாகவே சென்றது. இடையில் சில வினாடிகள் நீடித்த சிறு பாதைத் திருத்தங்கள் மட்டுமே தேவைப்பட்டன.

ஏவப்பட்டபோது கலத்தின் எடை 1,337 கிலோ. அதில் சுமார் 850 கிலோ எரிபொருள். செவ்வாயை அடையும் நாளுக்கென அதில் ஒரு பங்கைத் தொடாமல் சேமித்து வைத்தே ஆக வேண்டும்.

சாலையோ மைல்கல்லோ இல்லாத வெளியில் கலம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

இந்தத் துறையின் உயிர்நாடி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. எந்திரம் சில நிமிடங்கள் வேலை செய்கிறது. அளவெடுப்போ பத்து மாதமும் நடக்கிறது. ஆனாலும் செய்தித்தாளில் எந்திரத்தின் படம்தான் வருகிறது.

கலத்தை யாரும் பார்ப்பதில்லை. எவ்வளவு பெரிய தொலைநோக்கியாலும் அந்தத் தொலைவில் ஒரு வேன் அளவுள்ள பொருளைப் பார்க்க இயலாது. நம்மிடம் இருப்பது அதன் வானொலிக் குரல் ஒன்றே. பெங்களூருவுக்கு அருகே பைலாலுவில் 32 மீட்டர் விட்டமுள்ள ஆண்டெனா அந்தக் குரலைக் கேட்டது. நாசாவின் ஆழ்வெளி வலையமைப்பும் உதவியது. அதன் நிலையங்கள் அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் பூமியைச் சுற்றிப் பரவியிருப்பதால், பூமி எப்படிச் சுழன்றாலும் ஏதேனும் ஒன்றின் பார்வையில் கலம் இருக்கும்.

முதல் அளவு வேகம். மேலூர் நான்குவழிச் சாலையில் நின்றால், நெருங்கி வரும் பேருந்தின் ஒலிப்பான் கூர்மையாகவும், நம்மைக் கடந்தபின் தணிந்தும் ஒலிப்பதைக் கேட்கலாம். இதே டாப்ளர் விளைவு வானொலி அலைக்கும் உண்டு. கலம் விலகிச் செல்லும் வேகத்துக்கு ஏற்ப அதன் அலைவெண் குறைகிறது. அந்தக் குறைவைக் கொண்டு, பல கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கலத்தின் வேகத்தில் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மாற்றத்தைக்கூட அறிய முடிகிறது. இரண்டாவது அளவு தொலைவு. ஒரு குறியீட்டை அனுப்பி, கலம் அதைத் திருப்பியனுப்ப எவ்வளவு நேரமாகிறது என்று அணுக் கடிகாரத்தால் அளந்தால், சில மீட்டர் துல்லியத்தில் தொலைவு கிடைக்கும்.

இவ்விரண்டும் நம் பார்வைக்கோட்டின் நீளவாட்டில் உள்ள அளவுகள். கலம் பக்கவாட்டில் எங்கே விலகியிருக்கிறது என்பதைக் கண்டறிய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது எனக்கு மிகவும் பிடித்தது. பூமி சுழல்வதால் மதுரையில் நிற்கும் நாமும் வினாடிக்குச் சுமார் 458 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறோம். பைலாலு ஆண்டெனாவும் அப்படியே போகிறது. எனவே அது கேட்கும் குரலில் நாள்தோறும் ஓர் ஏற்ற இறக்க அலை சேர்ந்துவிடுகிறது. அந்த அலையின் உயரமும் அது உச்சியைத் தொடும் நேரமும், கலம் வானத்தில் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகின்றன. இரண்டாவது வழியில், ஒன்றுக்கொன்று மிகத் தொலைவிலுள்ள இரு நிலையங்கள் ஒரே நேரத்தில் கலத்தின் குரலைக் கேட்கின்றன. பிறகு, கலம் இருக்கும் திசைக்கு அருகே தெரியும் குவாசர் ஒன்றின், அதாவது மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலம் ஒன்றின் ஒளிமிக்க மையத்தின், வானொலி அலையைக் கேட்கின்றன. குவாசர்கள் கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதால் இடம் மாறுவதே இல்லை. அவற்றை நிலைக்கல்லாகக் கொண்டு அளக்கும்போது, செவ்வாயின் தொலைவில்கூட ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் துல்லியத்துக்குப் பக்கவாட்டு இடத்தைச் சொல்ல முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சிக்கல் உண்டு. சூரிய ஒளியே கலத்தைத் தள்ளுகிறது. மிக மெல்லிய தள்ளல்தான் என்றாலும், மாதக்கணக்கில் தொடரும்போது பல நூறு கிலோமீட்டர் விலக்கத்தில் கொண்டுபோய் விடும். சூரியத் தகடுகளின் பரப்பு, சாய்வு, அவை ஒளியைத் திருப்பும் அளவு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். புதனுக்குச் சென்ற மெசஞ்சர் கலத்தை வழிநடத்தியவர்கள் இந்தத் தள்ளலையே உதவிக்கு அழைத்து, தகடுகளைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பாதையைத் திருத்தினார்கள். காற்றை அறிந்த படகோட்டியின் செயல் அது.

கலத்துக்குத் தன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

நட்சத்திரங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. கலத்தில் உள்ள சிறு ஒளிப்படக் கருவி, தான் பார்க்கும் நட்சத்திரக் கூட்டத்தைத் தன் நினைவிலுள்ள வரைபடத்துடன் ஒப்பிடுகிறது. முற்காலக் கலங்களுக்கு இவ்வளவு வசதி இல்லை. 1964-இல் ஏவப்பட்ட மாரினர் 4 சூரியனையும் கனோபஸ் என்ற ஒற்றை நட்சத்திரத்தையும் பற்றிக்கொண்டே செவ்வாயைக் கடந்து சென்றது. கனோபஸ் என்பது நம் அகத்தியர் நட்சத்திரமே. மாசி மாதத் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணியளவில் ஒத்தக்கடையிலிருந்து நேர் தெற்கே, அடிவானத்துக்கு மேல் 27 பாகை உயரத்தில், சிரியஸுக்குக் கீழே அது நிற்பதைக் காணலாம். தென்திசைக்கு வந்த முனிவரின் பெயரைத் தாங்கிய நட்சத்திரம் செவ்வாய்க்கும் வழிகாட்டியது என்று சொல்லும்போது, மைதானத்தில் இருக்கும் பெரியவர்களின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

அருகே போனதும் கோளின் ஈர்ப்பே கலத்தை இழுத்து வைத்துக்கொள்ளாதா? பிரேக் எதற்கு?

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டது. நல்ல கேள்வி, ஏனெனில் பெரியவர்கள் பலரும் இதைத் தவறாகவே எண்ணியிருக்கிறார்கள்.

கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரையிலிருந்து மிதிக்காமல் மிதிவண்டியில் இறங்கினால், பள்ளத்தின் அடியில் வேகம் மிகுந்து, அந்த வேகமே மறுகரையில் ஏற்றிவிடும். கரையில் புறப்படும்போதே கொஞ்சம் வேகம் இருந்திருந்தால், மறுகரையைத் தாண்டி அந்தப்பக்கம் போய்விடுவீர்கள். கோளின் ஈர்ப்பும் அத்தகைய பள்ளமே. உள்ளே இறங்கும்போது எவ்வளவு வேகத்தைக் கொடுக்கிறதோ, வெளியேறும்போது அவ்வளவையும் திருப்பி வாங்கிக்கொள்கிறது. கலத்தைப் பிடித்து வைக்க அதற்கு வழியில்லை. கண்மாய்க்குள்ளேயே நிற்க வேண்டுமானால் நாம்தான் பிரேக் பிடிக்க வேண்டும்.

எங்கே பிடிப்பது என்பதும் முக்கியம். பள்ளத்தின் அடியில், வேகம் உச்சத்தில் இருக்கும்போது பிடித்தால்தான் குறைந்த எரிபொருளில் அதிக ஆற்றலை இழக்க முடியும். செவ்வாயின் தரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் விடுபடு வேகம், அதாவது ஈர்ப்பிலிருந்து தப்பிச் செல்லப் போதுமான வேகம், வினாடிக்கு ஏறத்தாழ 4.7 கி.மீ. மங்கள்யான் அங்கே அதைவிட ஒரு கிலோமீட்டர் கூடுதலான வேகத்துடன் வந்தது. சுமார் 23 நிமிட எரிப்பு அந்த வேகத்தில் வினாடிக்கு 1,099 மீட்டரைக் குறைத்தது. விடுபடு வேகத்துக்குச் சற்றே கீழே வந்ததும் கலம் செவ்வாயின் துணைக்கோளாகிவிட்டது. கிடைத்த பாதை வட்டமன்று. அண்மையில் 421.7 கி.மீ., சேய்மையில் ஏறத்தாழ 77,000 கி.மீ. என நீண்ட நீள்வட்டம். ஒரு சுற்றுக்கு மூன்று நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. வட்டமாக்க மேலும் எரிபொருள் வேண்டும். அது கலத்தில் இல்லை.

குறிவைப்பதும் மிக நுட்பமானது. கோளின் அருகே ஒரு பலகையை நிறுத்தியிருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அதில் எந்தப் புள்ளி வழியாகக் கலம் நுழைய வேண்டும் என்று குறிப்பார்கள். புள்ளி உள்ளே தள்ளிப் போனால் கலம் காற்றில் எரிந்துவிடும். வெளியே தள்ளிப் போனால் பிரேக் போதாமல் கடந்துவிடும். 22 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இந்தப் புள்ளிக்கான தாராளம் சில பத்துக் கிலோமீட்டர்தான்.

அந்த நேரத்தில் பெங்களூருவில் அமர்ந்து ஓட்டுகிறார்களா?

ஓட்ட முடியாது. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யானிடமிருந்து ஒரு செய்தி வந்து சேர 12 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. பதில் போய்ச் சேர மேலும் அவ்வளவு நேரம். வைகை அணையில் மதகைத் திறந்துவிட்ட பிறகு, மதுரைத் தரைப்பாலத்தில் வெள்ளம் ஏறுவதைக் கண்டு அணைக்குத் தொலைபேசியில் சொன்னாலும், ஏற்கெனவே வழியில் இருக்கும் நீர் வந்தே தீரும். விண்வெளியில் அந்தத் தொலைபேசியும் நீரின் வேகத்தில்தான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எந்த நொடியில் திரும்ப வேண்டும், எப்போது எரிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளைகள் அனைத்தும் ஒரு வாரத்துக்கும் முன்பே கலத்தில் ஏற்றப்பட்டுவிட்டன. செப்டம்பர் 22 அன்று, ஏறக்குறைய 300 நாட்களாக உறங்கிக் கிடந்த முதன்மைத் திரவ எந்திரத்தை ஏறத்தாழ நான்கு வினாடிகள் மட்டும் எரித்துப் பார்த்தார்கள். அது எரிந்தது. எரியாமல் போயிருந்தால் எட்டுச் சிறு உந்துபொறிகளை மட்டும் கொண்டு நீண்ட நேரம் எரிக்கும் மாற்றுத் திட்டமும் ஆயத்தமாக இருந்தது.

24-ஆம் தேதி காலை கலம் தானாகவே உடலைத் திருப்பி, எந்திரத்தின் வாய் பயணத் திசையை நோக்கும்படி நின்றது. 7 மணி 17 நிமிடத்துக்கு எரிப்பு தொடங்கியது. சற்று நேரத்தில் கலம் செவ்வாயின் பின்னால் மறைந்தது, குரலும் நின்றது. கலத்திலுள்ள முடுக்கமானிதான் வேகம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கூட்டிக்கொண்டே வந்து, போதும் என்றதும் எந்திரத்தை நிறுத்த வேண்டும். காலாண்டுத் தேர்வு நேரம் அது. மாணவர்கள் பத்துப் பேர் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்திருந்தார்கள். எட்டு மணியளவில் குரல் திரும்பி வந்தபோது, அதற்குப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு முன்பே நடந்து முடிந்த ஒன்றுக்குத்தான் நாம் கைதட்டுகிறோம் என்று ஒரு மாணவன் சொன்னான். அவன் பாடத்தைப் புரிந்துகொண்டான் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

தவறிப்போன கலங்கள் உண்டா?

நிறைய உண்டு. அவற்றில் இரண்டை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

நாசாவின் செவ்வாய்த் தட்பவெப்பச் சுற்றுக்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயின் பின்னால் மறைந்தது, திரும்ப வரவே இல்லை. அதன் சூரியத் தகடு ஒரு பக்கம் மட்டுமே இருந்ததால் ஒளியின் தள்ளல் கலத்தைத் திருகிக்கொண்டே இருந்தது. அதைச் சமன்செய்யச் சிறு உந்துபொறிகளை அடிக்கடி இயக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பாதை இம்மியளவு மாறும். அந்த மாற்றத்தைக் கணக்கிட்ட மென்பொருள் பவுண்டு-விசை வினாடியில் விடை சொல்ல, அதைப் பெற்ற மென்பொருள் நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் 4.45 மடங்கு வேறுபாடு. பூக்கடையில் முழம் போடும்போது விற்பவரின் கையையும் வாங்குபவரின் கையையும் ஒன்றென்று எண்ணினால் என்ன ஆகுமோ, அது ஒன்பது மாதங்கள் ஒவ்வொரு சிறு எரிப்பிலும் சேர்ந்துகொண்டே வந்தது. சுமார் 226 கி.மீ. உயரத்தில் கடந்திருக்க வேண்டிய கலம் சுமார் 57 கி.மீ. உயரத்தில் காற்றுக்குள் புகுந்தது. விடைத்தாளில் அலகு எழுதாத மாணவருக்கு நான் மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் கேட்ட பெற்றோர்களுக்கு இந்த நிகழ்ச்சியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

மற்றது ஜப்பானின் அகாட்சுகி. 2010 டிசம்பர் 7 அன்று வெள்ளியை அடைந்தபோது, எரிபொருள் ஆவியும், அதை எரிய வைக்கும் ஆக்சிஜனேற்றியின் ஆவியும் கலந்து உண்டான உப்பு ஒரு வால்வை அடைத்துவிட்டது. பன்னிரண்டு நிமிடம் எரிய வேண்டிய எந்திரம் மூன்று நிமிடத்துக்குள் நின்றது. கலம் வெள்ளியைக் கடந்து சூரியனைச் சுற்றத் தொடங்கியது. அதை வழிநடத்தியவர்கள் கைவிடவில்லை. பயனற்றுப்போன ஆக்சிஜனேற்றியை வெளியேற்றி எடையைக் குறைத்து, ஐந்து ஆண்டுகள் காத்திருந்து, 2015 டிசம்பர் 7 அன்று, திசை திருப்ப மட்டுமே பொருத்தப்பட்டிருந்த நான்கு சிறு உந்துபொறிகளைச் சுமார் இருபது நிமிடம் எரித்துச் சுற்றுப்பாதையில் சேர்த்துவிட்டார்கள். ஐந்து ஆண்டுகளும் கலம் எங்கே இருக்கிறது என்று அளந்துகொண்டே இருந்ததால்தான் அது முடிந்தது.

எரிபொருளுக்குப் பதில் கோளின் காற்றையே பிரேக்காகப் பயன்படுத்தலாமா?

முதல் பிடிப்புக்கு இதுவரை எந்திரத்தையே நம்பியிருக்கிறார்கள். நீள்வட்டத்தில் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு சுற்றிலும் வளிமண்டலத்தின் மேல்விளிம்பில் லேசாக உரசிச் சென்று பாதையைச் சுருக்குவது உண்டு. 2006-இல் செவ்வாயை அடைந்த அமெரிக்காவின் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் கலம் சில மாதங்கள் இப்படி உரசியே தன் பாதையைச் சுருக்கிக்கொண்டது.

வியாழன், சனி போன்றவற்றுக்கும் இதே முறைதானா?

முறை இதுவே. அளவுகள்தான் மாறும். சனிக்குச் சென்ற காசினி 1997-இல் புறப்பட்டு, வெள்ளியை இருமுறையும் பூமி, வியாழன் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் நெருங்கி வேகம் பெற்று, 2004-இல் சனியை அடைந்தது. வளையங்களின் இடைவெளி ஒன்றின் வழியே, தூசிக்குத் தன் பெரிய ஆண்டெனாவையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு நுழைந்து, 96 நிமிடங்கள் பிரேக் பிடித்தது. 2016-இல் வியாழனை அடைந்த ஜூனோவுக்குச் செய்தித் தாமதம் 48 நிமிடங்கள். யுரேனஸையும் நெப்டியூனையும் வாயேஜர் 2 கடந்து சென்றிருக்கிறது. அவற்றைச் சுற்றிய கலம் இன்றுவரை ஒன்றும் இல்லை.

இதில் நம் பக்கத்துக்காரர்களின் பங்கு உண்டா?

உண்டு. மங்கள்யானின் திட்ட இயக்குநராக இருந்த சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவர். அதே மாவட்டத்தின் மகேந்திரகிரியில்தான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் திரவ எந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. மதுரையிலிருந்து நாகர்கோவில் செல்லும் வழியில் அந்த மலையை நீங்கள் கடந்திருப்பீர்கள்.

என் மகளுக்கு இந்த வேலையில் ஆர்வம். இப்போதே என்ன செய்யலாம்?

பூ வியாபாரம் செய்யும் ஒரு தாய் கேட்டார். கணக்கையும் இயற்பியலையும் விடாமல் படிக்கட்டும் அம்மா, கணினி நிரல் எழுதவும் பழகட்டும். திருவனந்தபுரத்தில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் 2007 முதல் நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நுழைவுத் தேர்வு வழியாக அங்கே சேரலாம்.

அதுவரை மொட்டைமாடியில் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2027 பிப்ரவரியில் செவ்வாய் வானத்தில் சூரியனுக்கு நேரெதிரே வந்து, சிம்ம ராசியில் மகம் நட்சத்திரத்துக்கு அருகே இரவெல்லாம் ஒளிவிடும். 2026 டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் முடிய, வாரம் ஒரு நாள் ஒரே தாளில், மகத்திலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று குறித்து வரட்டும். கையை நீட்டி மடக்கிய முட்டி ஏறத்தாழ பத்துப் பாகை, ஒரு விரல் ஏறத்தாழ இரண்டு பாகை. ஜனவரியில் செவ்வாய் நின்று, பின்னோக்கி நடந்து, ஏப்ரலில் மறுபடியும் முன்னோக்கித் திரும்பும். தேதியையும் நேரத்தையும் ஒவ்வொரு புள்ளிக்கு அருகிலும் எழுதச் சொல்லுங்கள். மேகம் மறைத்த வாரத்தில் இடத்தைக் காலியாக விடட்டும், ஊகித்து நிரப்ப வேண்டாம். தாள் நிரம்பியதும் மைதானத்துக்கு எடுத்து வரட்டும். அந்தப் புள்ளிகளிலிருந்து செவ்வாய் அடுத்த வாரம் எங்கே நிற்கும் என்று கணக்கிடுவதை நானே உடன் அமர்ந்து சொல்லித் தருகிறேன்.